நின்றால் உதறும் கார்: ஐட்லிங் அதிர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓடும்போது ஒன்றும் தெரியாது. நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டால் (இதுதான் ஐட்லிங்) ஸ்டியரிங் கையில் குறுகுறுக்கும், உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கித் தெரியும், டேஷ்போர்டுக்குள் எங்கோ ஒரு பிளாஸ்டிக் கடகடக்கும். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார் வைத்திருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை இது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் பெட்ரோல் கார்களுக்கானவை. டீசலைத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது?

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினே தடுமாறி ஓடுகிறதா, இல்லை ஒழுங்காக ஓடும் எஞ்சினின் துடிப்பு பாடிக்குள் இறங்குகிறதா? சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் முதலாவதற்குப் பிளக், அதற்கு மின்சாரம் தரும் காயில், வேண்டாத காற்று நுழையும் ஏர் லீக், வால்வு என்று போக வேண்டும். இரண்டாவதற்கு, எஞ்சினைப் பாடியோடு தாங்கும் ரப்பர் மவுண்டிங், சைலன்சர் ரப்பர் என்று போக வேண்டும். இதைப் பிரிக்காமல் பார்ட்ஸ் மாற்ற ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம் செலவு செய்கிறார்கள்.

வண்டியைச் சமதளத்தில், திறந்த வெளியில் நிறுத்துங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வைத்து, எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை விடுங்கள். அப்புறம் பின்னால் போய் சைலன்சர் வாயருகே ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். சத்தம் ஒரே தாளமாக வந்தால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். நடுநடுவே ‘புஃப்’ என்று ஒரு அடி விட்டுப் போனால் எஞ்சின் மிஸ் அடிக்கிறது. காதை நம்ப முடியவில்லையா? ஒரு தாள் துண்டைக் குழாய் வாயருகே பிடியுங்கள். தாள் சீராக வெளியே தள்ளப்பட வேண்டும். அவ்வப்போது உள்பக்கம் இழுக்கப்பட்டால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கலாம் என்ற சந்தேகம் வர வேண்டும்.

அதிர்வை வைத்தே காரணத்தை ஊகிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் கிராங்க் (எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டு) இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒருமுறை எரியும். 800 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 800 சுற்று) ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஏழுக்குச் சற்றுக் குறைவு. நான்கு சிலிண்டரும் சேர்ந்தால் வினாடிக்குச் சுமார் 27. ஆரோக்கியமான எஞ்சினில் நீங்கள் உணர்வது இந்த 27தான். கையால் தனித்தனியாக எண்ண முடியாத மெல்லிய ரீங்காரம் அது. ஒரு சிலிண்டர் செத்துவிட்டால் தாளத்தில் ஓர் இடம் காலியாகி, வினாடிக்கு ஆறேழு முறை வண்டி குலுங்கும். கதவில் கை வைத்தாலே ‘தட் தட் தட்’ என்று தனித்தனி அடியாகத் தெரியும்.

ஆகவே, சீராகத் திரும்பத் திரும்ப வரும் பெரிய குலுக்கல் என்றால் குறிப்பிட்ட ஒரு சிலிண்டரில் கோளாறு. எப்போதாவது, ஒழுங்கில்லாமல் வரும் உதறல் என்றால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஏதோ ஒன்று: ஏர் லீக், அழுக்கேறிய த்ராட்டில் (காற்றுவழியைத் திறந்து மூடும் தகடு), எரிபொருளில் தண்ணீர். ரீங்காரமே பலமாகி உடம்பில் ஏறினால் மவுண்டிங்.

மூன்று சிலிண்டர் எஞ்சின் இந்தக் கணக்கில் வினாடிக்கு 20 துடிப்புத்தான் தரும். போதாக்குறைக்கு, முன்னும் பின்னும் ஊசலாடும் இயல்பும் அதற்கு உண்டு. அதை நான்கு சிலிண்டர் காருடன் ஒப்பிட்டு வருத்தப்பட வேண்டாம். அதே மாடல் வேறு கார் ஒன்றில் ஏறி உட்கார்ந்து பாருங்கள்.

ஐட்லிங் எவ்வளவு இருக்க வேண்டும்?

சூடான பெட்ரோல் எஞ்சினுக்குப் பெரும்பாலும் 650 முதல் 900 வரை. சரியான எண் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் 1,200, 1,400 என்று காட்டுவது இயல்பு. சூடான பிறகு 550க்கு இறங்கினால் நல்ல எஞ்சின்கூட நடுங்கும். அப்போது நடுக்கத்தைத் தேடாதீர்கள். ஸ்லோ (ஐட்லிங் வேகம்) ஏன் குறைந்தது என்று தேடுங்கள்.

மவுண்டிங் போய்விட்டது என்று எப்படி உறுதி செய்வது?

ஆட்டோமேட்டிக் காரில் சுலபம். பிரேக்கை அழுத்திக்கொண்டு டி-யில் போட்டால் நடுங்குகிறது, நியூட்ரலில் அடங்குகிறது என்றால் மவுண்டிங் மீது முதல் சந்தேகம். டி-யில் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து முறுக்கி நிற்கும். ரப்பர் அமுங்கிப்போயிருந்தால் இரும்பு இரும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு துடிப்பைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. டி-யில் வந்து, ஆர்-இல் வராவிட்டால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மேனுவல் வண்டியில், பானெட்டைத் திறந்து வைத்து ஒருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க, மற்றொருவர் பிரேக்கில் காலை வைத்தபடி முதல் கியரில் கிளட்சை மெல்லக் கடிக்கும் இடம்வரை மட்டும் விட வேண்டும். பார்ப்பவர் வண்டிக்கு முன்னால் நிற்கவே கூடாது. எஞ்சின் கொஞ்சம் சாய்வது சகஜம். ‘டொக்’ என்ற சத்தத்தோடு எழும்பி விழுந்தால் மவுண்டிங் கிழிந்திருக்கிறது.

கண்ணாலும் பார்க்கலாம். ரப்பரில் குறுக்கு வெடிப்பு, இரும்பிலிருந்து ரப்பர் பிரிந்து நிற்பது, ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது ஆகியவை அடையாளம். சில கார்களில் உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங் இருக்கும். அதற்குக் கீழே கறுத்த பிசுபிசுப்பான வழிசல் இருந்தால் திரவம் போய்விட்டது. வெளிரப்பர் புதிது போல இருந்தாலும் அது செத்த மவுண்டிங்தான்.

புதிது மாட்டும்போது ஒரு விஷயம். எல்லா போல்ட்டையும் கையளவில் மாட்டி, எஞ்சினை லேசாக ஆட்டித் தன் இடத்தில் உட்காரவிட்ட பிறகுதான் இறுக்க வேண்டும். இழுத்துப் பிடித்து முறுக்கிய நிலையில் இறுக்கினால் புது மவுண்டிங்கும் பழையது போலவே அதிரும். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும்: மூன்றில் ஒன்றை மட்டும் மாற்றினால், தளர்ந்த மற்ற இரண்டின் சுமையும் புதியதன் தலையில் ஏறும்.

மவுண்டிங் எல்லாம் மாற்றியும் அதிர்வு போகவில்லை. ஏன்?

எனக்கும் நடந்தது. ஓர் ஒர்க்‌ஷாப்பில் “மவுண்டிங்தான் சார்” என்றார்கள், இரண்டு மாற்றினேன். அடுத்த வாரம் அதே உதறல். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த்தொகுதி) பின்பக்கம் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனபோது, பென்சில் பருமனுள்ள ஒரு வேக்குவம் ஹோஸின் முனை கொழகொழவென்று இருந்தது. ஆயில் பட்டு ஊறிப்போன ரப்பர். நேராகப் பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது; வளைத்தபோது நீளவாக்கில் வாயைத் திறந்தது. அரை அங்குலம் வெட்டி எறிந்துவிட்டு மீதியைத் திரும்பச் சொருகினேன். ஐட்லிங் அப்படியே அடங்கியது. மவுண்டிங்குக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

ஏர் லீக் ஏன் ஐட்லிங்கில் மட்டும் தொல்லை கொடுக்கிறது? எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐட்லிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். எஞ்சினுக்குள் போகும் காற்று மிகக் குறைவு. மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் விசை மிக அதிகம். அந்த நேரத்தில் ஒரு சின்ன வெடிப்பு வழியாகக் கணக்கில் வராத காற்று நுழைந்தால் காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை கெட்டுவிடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் வழக்கமான வழியிலேயே காற்று குபுகுபுவென்று வரும். அதில் இந்தக் கசிவு கரைந்து போகும். ‘ரேஸ் கொடுத்தால் சரியாகிவிடுகிறது’ என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இதுதான் இருக்கிறது.

முதலில் காது. ஒரு மீட்டர் ஹோஸ் துண்டின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மேனிஃபோல்டைச் சுற்றி நகர்த்துங்கள். கசியும் இடத்தில் ‘ஸ்ஸ்’ தெளிவாகக் கேட்கும். ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் அருகே ஹோஸோ உங்கள் சட்டைக் கையோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரிக் ஃபேன் தானாகவே சுற்ற ஆரம்பிக்கும்.

அடுத்து சோப்புத் தண்ணீர். சந்தேகப்படும் இணைப்பில் பீய்ச்சினால் கசிவு ஒரு கணம் அடைபட்டு, ஆர்பிஎம் மாறும். கார்புரேட்டர் கிளீனர் அடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். வேலை செய்யும்தான். ஆனால் சூடான எக்ஸாஸ்ட் மேல் பட்டால் தீப்பிடிக்கும், அதனால் நான் அந்த வழிக்குப் போவதில்லை. வசதி இருந்தால் புகை மெஷின்தான் சிறந்தது. எஞ்சின் ஓடாத நிலையில் மேனிஃபோல்டுக்குள் புகையைச் செலுத்தினால், வெடித்த இடத்தில் புகை நூலாக எழும்பும்.

விட்டுப்போகும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று பிரேக் பூஸ்டர். பிரேக்கை மிதிக்கும்போது உதறல் கூடினாலோ, பெடலருகே காற்றுச் சீறினாலோ அதன் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். அது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம், தள்ளிப் போடக் கூடாது. மற்றொன்று, எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பும் பிசிவி வால்வு. எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். யாரோ உள்ளிருந்து பிடித்திழுப்பது போல மூடி ஒட்டிக்கொண்டால் அந்த வால்வு அளவுக்கு மீறித் திறந்து கிடக்கிறது.

மேனிஃபோல்டின் உறிஞ்சு விசையை அளக்கும் வேக்குவம் கேஜ் கிடைத்தால் மாட்டிப் பார்க்கலாம். கடல்மட்டத்தில், நல்ல எஞ்சினில் 17 முதல் 21 அங்குலப் பாதரச அளவில் முள் அசையாமல் நிற்கும். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் சுமார் ஓர் அங்குலம் குறையும். முள் தாழ்ந்து நிலையாக நின்றால் ஏர் லீக் அல்லது டைமிங் பின்தங்கல். ஒரே தாளத்தில் சுண்டிச் சுண்டி விழுந்தால் வால்வு.

எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று எப்படிப் பார்ப்பது?

இன்ஜெக்டர் உள்ள கார் என்றால், ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் கனெக்டரையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். உயிருள்ள சிலிண்டரைப் பிடுங்கினால் எஞ்சின் சட்டென்று தொய்யும். எதைப் பிடுங்கினால் ஒரு மாற்றமும் இல்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். பிடுங்கிய அந்த முதல் கணத்தையே கவனியுங்கள். இரண்டு வினாடி போனால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் ஐட்லிங்கைத் தூக்கி நிறுத்தி உங்களைக் குழப்பிவிடும். முடித்தபின் செக் எஞ்சின் விளக்கு எரியலாம். கம்ப்யூட்டர் பதிவுசெய்த பிழைக் கோடை (code), அதைப் படிக்கும் கருவியான ஸ்கேனரால் அழித்துவிட்டால் போதும்.

ஓடும் எஞ்சினில் பிளக் ஒயரைக் கையால் பிடுங்கும் பழைய பழக்கம் வேண்டாம். அதில் இருப்பது பல்லாயிரம் வோல்ட். ஸ்பார்க் போக வழி இல்லாமல் காயிலும் கெடும், எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கெடும்.

இன்னொரு வழி எனக்குப் பிடித்தது. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து முப்பது, நாற்பது வினாடி கழித்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு கிளையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மூன்றில் தண்ணீர் உடனே ஆவியாகும். நான்காவதில் சும்மா உட்கார்ந்திருக்கும். அந்தக் கிளை குளிர்ந்திருக்கிறது, அங்கே எரியவில்லை. எஞ்சின் முழுக்கச் சூடான பிறகு இந்தச் சோதனை உதவாது.

சிலிண்டர் தெரிந்ததும் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அதன் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே போனால் காயில். போகாவிட்டால் பிளக்கை அதேபோல இடம் மாற்றுங்கள், அப்புறம் இன்ஜெக்டரை. எதை நகர்த்தியும் கோளாறு அதே சிலிண்டரில் நின்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

பிளக்கைக் கழற்றினால் என்ன பார்க்க வேண்டும்?

நான்கையும் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்குங்கள். மூன்று இளம்பழுப்பாகவும் ஒன்று மட்டும் வேறாகவும் இருந்தால் அந்த ஒன்றுதான் பேசுகிறது. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது ஸ்பார்க் பலவீனம். ஈரமான பிசுபிசுக் கறுப்பு என்றால் ஆயில் ஏறுகிறது. கழுவி விட்டது போலப் பளிச்சென்று சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கூலன்ட் உள்ளே கசிந்து ஆவியில் கழுவியிருக்கலாம். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகப் பென்சில் கோடு போல ஒரு கருங்கோடு தெரிந்தால் ஸ்பார்க் வெளிப்பக்கமாகத் தாவியிருக்கிறது. அப்போது பிளக்கோடு மேலுறை ரப்பரையும் மாற்றுங்கள். இடைவெளி பெரும்பாலான கார்களுக்கு 0.7 முதல் 1.1 மில்லிமீட்டருக்குள் வரும்.

ஒயர் உள்ள பழைய வண்டியா? இரவில், விளக்கில்லாத இடத்தில் பானெட்டைத் திறந்து, ஒயர்களின் மேல் லேசாகத் தண்ணீர் தூவிப் பாருங்கள். கசியும் ஒயரில் நீலப் பொறி ஓடும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

ஸ்கேனர் போட்டால் காரணம் தெரிந்துவிடுமா?

எங்கே தேட வேண்டும் என்று தெரியும். பி0300 என்றால் பொதுவான மிஸ்ஃபயர். பி0301 முதல் பி0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர். பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு. அந்தக் கோடைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுபவர்கள் நிறைய. பாவம், அந்த சென்சார் உண்மையைச் சொன்னதற்காகத் தண்டனை வாங்குகிறது.

கோடைவிட ஃப்யூவல் ட்ரிம் என்ற எண் பயனுள்ளது; கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்று அது காட்டும். ஐட்லிங்கில் +20 சதவீதம் காட்டி, 2,500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்தை நெருங்கினால் ஏர் லீக் என்று ஏறக்குறைய எழுதியே கொடுத்துவிடலாம். ரேஸ் கொடுக்கக் கொடுக்கக் கூடினால் ஃப்யூவல் பம்ப், ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சார் பக்கம் பாருங்கள். கோடே இல்லாமல் நடுங்கினால்? மவுண்டிங் கிழிந்தால் சொல்ல எந்த சென்சாரும் இல்லை.

த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தபின் ஐட்லிங் இன்னும் மோசமாகிவிட்டது.

கரி படிந்த நிலைக்கு ஏற்பக் கம்ப்யூட்டர் பழகியிருந்தது. சுத்தமானதும் அதே கணக்குத் தவறாகிறது. உங்கள் மாடலுக்கான ஐடில் ரீலேர்ன் (ஐட்லிங்கைக் கம்ப்யூட்டருக்கு மறுபடி பழக்குவது) முறையைச் செய்தால் சரியாகும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகும் இதே கதைதான்.

கார்புரேட்டர் வண்டிக்கு?

ஏர் லீக், பிளக், டேப்பெட் (வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளி), டைமிங் நான்கையும் பார்த்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். சூடான எஞ்சினில் மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் திருப்பி, ஆர்பிஎம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பிறகு ஸ்பீடு ஸ்க்ரூவால் ஸ்லோவை இறக்குங்கள். மிக்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருப்பியும் எஞ்சின் அதைக் கண்டுகொள்ளாவிட்டால் ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது, அல்லது பெட்ரோல் வேறு வழியில் ஒழுகுகிறது.

ஏசி போட்டால் மட்டும் நடுங்குகிறது.

கம்ப்ரஸர் இழுக்கும்போது ஐட்லிங் தானாகக் கொஞ்சம் உயர வேண்டும். உயராமல் இறங்கினால் ஐடில் கண்ட்ரோல் வால்வில் கரி, அல்லது கார்புரேட்டர் வண்டியில் ஐட்லிங்கை உயர்த்தும் சின்ன ஆக்சுவேட்டரின் வேக்குவம் குழாய் கழன்றிருக்கிறது. ஆர்பிஎம் சரியாக இருந்தும் நடுங்கினால் மவுண்டிங் அல்லது கம்ப்ரஸரின் சொந்த பிராக்கெட்.

பெல்ட்டில் ஓடும் ஏதோ ஒன்றின் மேல் சந்தேகம் என்றால், குளிர்ந்த எஞ்சினில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பல கார்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில்தான், அதனால் அதற்கு மேல் வேண்டாம்.

டைமிங் பெல்ட் மாற்றியதிலிருந்து அதிர்கிறது.

தற்செயல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். அதைவிடத் தந்திரமான இன்னொன்றும் உண்டு: சில நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் பேலன்ஸ் ஷாஃப்ட் இருக்கும். கிராங்கின் இரு மடங்கு வேகத்தில் சுற்றி, எஞ்சினின் இயல்பான அதிர்வை எதிரடி கொடுத்துத் தணிப்பது அதன் வேலை. மிட்சுபிஷி 1975-இல் இதைக் கார்களில் பரவலாக்கியது. மாட்டும்போது குறி தவறினால் தணிக்க வேண்டியதே கூட்டிவிடும். எஞ்சின் இழுவை குறையாது, கோடு வராது, அதிர்வு மட்டும் இருக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும்.

கம்ப்ரஷன் எவ்வளவு இருக்க வேண்டும்?

பெட்ரோல் எஞ்சினில் பொதுவாக 10 முதல் 13 பார். எண்ணைவிடச் சமநிலை முக்கியம். சிலிண்டர்களுக்கிடையே 10, 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஐட்லிங்கில் உதறும். குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன் டேப்பெட் இடைவெளியைப் பார்த்துவிடுங்கள். இறுகிப்போன டேப்பெட் வால்வை மூடவிடாது. கேஸில் ஓடும் வண்டிகளில் இது அதிகம்.

டீசல் காருக்கு இதெல்லாம் பொருந்துமா?

மவுண்டிங், கம்ப்ரஷன் பொருந்தும். ஸ்பார்க் கிடையாது. காலையில் மட்டும் உதறி, வெள்ளைப் புகை விட்டு, சற்று நேரத்தில் அடங்கினால், ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். ஃபில்டர் மாற்றியபின் தொடங்கினால் லைனில் காற்று. சூடான பிறகும் ஒரே தாளமாகக் குலுக்கினால் இன்ஜெக்டர். பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டியில் பைப் நட்டைத் தளர்த்திச் செத்த சிலிண்டரைக் கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாய் உள்ள) எஞ்சினில் அதைச் செய்யவே கூடாது. ஓடும்போது அந்தப் பைப்பில் ஆயிரம் பாருக்கு மேல்கூட அழுத்தம் ஏறும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அங்கே ஸ்கேனரில் ஒவ்வோர் இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் திருத்த அளவைப் பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்தால் அதிர்வும் கடகடப்பும் மாறுகிறதா? டூயல் மாஸ் ஃப்ளைவீல் (எஞ்சினுக்கும் கிளட்சுக்கும் நடுவே அதிர்வைத் தணிக்கும் இரட்டைச் சக்கரம்) தேய்ந்திருக்கலாம்.

இப்படியே ஓட்டலாமா?

மவுண்டிங் என்றால் கொஞ்ச நாள் ஓடும், ஆனால் ஹோஸ்களையும் சைலன்சர் இணைப்பையும் இழுத்துக்கொண்டே இருக்கும். செக் எஞ்சின் விளக்கு சிமிட்டிச் சிமிட்டி எரிந்தால் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும்.

எல்லாம் பார்த்தாயிற்று. எஞ்சின் நன்றாக இருக்கிறது, மவுண்டிங் புதிது. இன்னும் லேசாக ஒரு குறுகுறுப்பு.

வண்டிக்கு அடியில் குனியுங்கள். சைலன்சர் ரப்பர் ஒன்று அறுந்து, குழாய் எங்காவது பாடியைத் தொடுகிறதா? தொட்ட இடம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். ஏசி பைப், எக்ஸாஸ்ட் வெப்பத்தகடு, ரேடியேட்டரின் கீழ்ப் புஷ், பேட்டரித் தட்டு, இவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள், ஆறிய பிறகு குழாய்களை. பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, கிராங்க் புல்லியின் முகத்தில் நடுவட்டத்திலிருந்து வெளிவளையம் வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு போடுங்கள். நாலு நாள் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், கோடு நடுவில் உடைந்து இரண்டு பாதியும் தள்ளித் தள்ளி நின்றால், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பிடி விட்டுவிட்டது. புல்லியை மாற்றுங்கள்.